பல்லுக்கு லேசர் பிடிக்கலாமா?

இங்கே புனேல பல பல் ஆஸ்பத்திரி வாசல்ல "லேசர்"னு போர்டு தொங்குது. பொண்ணுக்குக் கடவாப்பல்லுல சொத்தை. ஊர்லேருந்து அம்மா போன்ல, "லேசர்னா வலிக்காதாமே, பேத்திக்கு அதுலயே பண்ணிடு"ன்னு உத்தரவு. நான் தகடு வெட்டற லேசரோட தினமும் மாரடிக்கறவன். அதனால தங்கமணி முடிவை என் தலையில கட்டிட்டாங்க.

விஷயம் இதுதான் மக்களே. பல்லை வெட்ட லேசர்ல பலம் இருந்தா போதாது, சூடு உள்ளே இறங்கக்கூடாது. 1960ல மைமன் முதல் லேசரைச் செஞ்சார். சில வருஷத்துலயே அதைப் பல்லுல காட்டிப் பார்த்தாங்க. எனாமல்ல பள்ளம் விழுந்தது, ஆனா சூடும் சேர்ந்தே இறங்கிச்சு. நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கற உள்சதை அதைத் தாங்காது. 1965ல குரங்குப் பல்லுல பண்ணின ஆய்வுல, சுமார் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினதுக்கே சில பற்கள்ல உள்சதை செத்துப்போச்சு.

அப்புறம் வந்தது எர்பியம் லேசர். 2940 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தண்ணி இதை அப்படியே குடிச்சிடும். பல்லுக்குள்ள இருக்கற துளி ஈரம் சட்டுனு ஆவியாகி, சுத்தி இருக்கறதைப் பெயர்த்துடும். சொத்தையில ஈரம் ஜாஸ்தி, அதனால அது சீக்கிரம் போயிடும். கூடவே தண்ணி தெளிச்சு ஆத்தணும். 1997ல அமெரிக்காவுல பல் வெட்ட இதுக்கு அனுமதி கிடைச்சது.

அடுத்த கட்டம், ஃபெம்டோ செகண்ட் லேசர். ஒரு செகண்டைக் கோடி பங்காக்கி, அதுல ஒரு பங்கைப் பத்துக் கோடி பங்காக்கினா வர்ற துணுக்குதான் ஒரு ஃபெம்டோ செகண்ட். தோசைக்கல்லைச் சட்டுனு தொட்டு எடுத்தா சுடாது, விரலை வெச்சிருந்தா கொப்புளம்தான். அதே கதைதான் இங்கேயும். சூடு பரவறதுக்குள்ள அந்த இடத்துப் பொருளே பறந்துடும். இவ்வளவு குட்டித் துடிப்புக்குப் பெரிய பலம் குடுக்கற வழியை 1985ல ஸ்ட்ரிக்லாண்டும் மூருவும் காட்டினாங்க. 2018ல நோபல் பரிசு வந்தது. கண் ஆபரேஷனுக்கு இந்த லேசர் எப்பவோ வந்தாச்சு. பல்லுலதான் இழுபறி. ஒவ்வொரு துடிப்பும் துளியூண்டுதான் சுரண்டும். வேகம் வேணும்னு துடிப்புகளை நெருக்கினா, சூடு மறுபடி சேர ஆரம்பிச்சிடும்.

சரி, போர்டு போட்ட இடத்துல என்ன இருந்துச்சு? டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க: "எங்ககிட்ட இருக்கறது டையோடு. ஈறுக்குத்தான், சொத்தைக்கு இல்லை." ஊசி போட்டு, சாதா டிரில்லுலயே இருபது நிமிஷத்துல முடிச்சாங்க. பொண்ணு என் விரலை நசுக்கினதோட சரி.

அதனால போர்டைப் பார்த்ததும் பர்ஸைத் திறக்காதீங்க. "எர்பியமா, டையோடா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பழைய வெள்ளி அடைப்பை எடுக்கணும்னா எர்பியமும் உதவாது, டிரில்தான். எர்பியம் இருக்குன்னு சொன்னாலும், தண்ணி தெளிப்பு இருக்கான்னு கேட்டுட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்க.