காத்து போகுது மச்சி!

ஹாஸ்டல் ரூம்ல ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி. 'டும்'முனு விழவேண்டிய இடத்துல 'புஸ்ஸு'னு சத்தம். 'ஆளுக்கு 500 போடு மச்சி, புதுசு வாங்கிடலாம்'னு ரூம்மேட்ஸ் தீர்ப்பு சொல்றாங்களா? பாஸ், ஒரு நிமிஷம்! அதைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு பழைய மவுஸ் பேடைத் தேடுங்க.

எங்க ரூம்லயும் இதே தீர்ப்புதான். ஆனா, எனக்கு மனசு வரலை. அப்பா ஊர்ல மைக் செட் வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, திருவிழானு 20 வருஷம் ஓடின தொழில். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாத்தையும் வித்துட்டார். அவர் கையால செஞ்ச ரெண்டு மரப்பெட்டிதான் மிச்சம். போன்ல விஷயத்தைச் சொன்னேன். ''கோன் கிழிஞ்சிருக்கா?'' ''இல்லப்பா.'' ''அப்ப பெட்டியில காத்து போகுது. காஸ்கெட்டை மாத்து!''

மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு, காஸ்கெட்னா இன்ஜின்தான் ஞாபகம் வரும். ஸ்பீக்கர்லயும் அதுக்கு அதே வேலைதான். கோன் முன்னால வந்தா முன்பக்கக் காத்து அழுந்தும், பின்பக்கக் காத்து விரியும். ரெண்டும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிடும். முதல் பலி பேஸ்! அதுங்களைப் பிரிச்சு வைக்கத்தான் பெட்டியே. 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர் கொண்டுவந்த ஏ.ஆர்-1 ஸ்பீக்கர்ல, மூடின பெட்டிக்குள்ள அடைபட்ட காத்துதான் கோனுக்கு ஸ்பிரிங். சின்னப் பெட்டியில பெரிய பேஸ் வந்த ரகசியம் அதுதான். விளிம்புல இடைவெளி விழுந்தா, ஸ்பிரிங்கும் அவுட்!

இனி ஆபரேஷன். ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரூவைக் கழட்டுங்க. உஷார்... ஸ்பீக்கர் காந்தம் ஸ்க்ரூ டிரைவரை 'விசுக்'னு இழுத்து கோனைக் குத்திடும். எந்த ஒயர் எந்த முனையில இருந்ததுனு குறிச்சுக்கங்க.

எங்க பெட்டியில ஓட்டையோட விட்டம் 12 செ.மீ., ஸ்பீக்கர் ஃபிரேம் 14.5 செ.மீ. அதே அளவுல காம்பஸை வெச்சு மவுஸ் பேட்ல ரெண்டு வட்டம் போட்டேன். 2, 3 மி.மீ. தடிமன் இருந்தா போதும். உள்வட்டத்தை முதல்ல வெட்டணும். சுத்தி முழு ஷீட் இருக்கிறதால நழுவாது. ஸ்க்ரூ ஓட்டையை முன்கூட்டியே போடணும். இல்லைன்னா ஸ்க்ரூ சுத்தும்போது ரப்பரையும் சேர்த்து முறுக்கும். அதுக்கு அப்பா சொன்ன ஐடியா, உடைஞ்ச ரேடியோ ஆன்டெனா குழாய். முனையைத் தீட்டி, சுத்தியலால ஒரு தட்டு... ஓட்டை ரெடி!

சிலர் சிலிக்கான் பசையை அப்பிடுவாங்க. அடுத்த முறை கழட்டும்போது மரமும் சேர்ந்து பிய்யும். வேண்டாம்.

''எதிரெதிரா முடுக்குப்பா. கொஞ்சம் கொஞ்சமா. ரொம்ப முடுக்கினா ஃபிரேம் வளைஞ்சிரும்''னார் அப்பா. எனக்கு ஷாக்! ஃபிளேன்ஜ் போல்ட்டை எந்த வரிசையில முடுக்கணும்னு எங்களுக்கு கிளாஸ்ல சொல்லித் தந்தது இதையேதான். அப்பா படிச்சது எட்டாவது.

டெஸ்ட் பண்றதும் ஈஸி. கோன் நடுவுல ரெண்டு பக்கமும் விரலை வெச்சு, மெதுவா அமுக்கி விடுங்க. காத்து கசிஞ்சா கோன் சட்டுனு திரும்பும். கசியலைன்னா சோம்பேறித்தனமா வரும். முழுசா மூடின பெட்டிக்கு மட்டும்தான் இந்த டெஸ்ட். காத்துக்குழாய் வெச்ச பெட்டிக்குச் சரிப்படாது.

அன்னிக்கு ராத்திரி 'டும்' திரும்ப வந்துச்சு. போனைப் பெட்டி பக்கத்துல பிடிச்சேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாம கேட்டுட்டு, ''இடது பெட்டியில இன்னும் லேசா கசியுது. கீழ் ஸ்க்ரூவைப் பாரு''னார். பார்த்தேன். லூஸாதான் இருந்தது!

இப்ப எங்க ஃப்ளோர்ல யாரோட ஸ்பீக்கர் கரகரத்தாலும் அவருக்குத்தான் போன். சாயங்காலம் ஆனா, ''இன்னிக்கு யாரும் கூப்பிடலையா?''னு அவரே கேட்கிறார். பசங்க அவர் நம்பரை எப்படி சேவ் பண்ணி வெச்சிருக்காங்க தெரியுமா?

'காஸ்கெட் அப்பா'!