இரவு உணவுக்கு ஒரு ரொட்டி

நம் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் ரொட்டி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஆணத்தோடு உண்ணும் கல் ரொட்டி ஒன்று. காய்ச்சல் கண்டவருக்குக் கடையில் வாங்கிவரும் பஞ்சு ரொட்டி மற்றொன்று. இப்பின்னதை இலங்கைத் தமிழர் இன்றும் 'பாண்' என்பர். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்கும் இலவங்கத்துக்கும் நம் கடல்களைத் தேடி வந்த போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல் அது.

அரபு மொழியோ ரொட்டிக்கென ஒரு சொற்குடும்பத்தையே வைத்திருக்கிறது. ரொட்டி 'குப்ஸ்', திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில், சிறைத் தோழர் ஒருவர் கண்ட கனவில் இச்சொல் வருகிறது. அடுப்பு 'தன்னூர்'; நூஹ் நபி (அலை) காலத்து வெள்ளம் பொங்கியதைக் கூறுமிடத்தில் அது வருகிறது. வடநாட்டார் 'தந்தூர்' என்பது அதன் உறவுச் சொல்லே. புளித்த மாவு 'கமீர்'. புளிக்க விடாமல் விரைந்து செய்தது 'ஃபதீர்'. பக்குவம் வருமுன் அவசரமாக வெளியிடும் கருத்தையும் அரபு அறிஞர் ஃபதீர் என்றே இகழ்வர். ஆனால் ரொட்டியில் அவசரம் இழிவன்று. பசித்திருப்பவருக்கு அஃது ஓர் உபகாரம்.

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று பிறர் அறிந்த கயத்தாறு, நமக்குக் கரிசல் மண்ணும் கம்பும் சோளமும் உள்ள சீமை. இங்கே நம் இல்லத்தாருக்கு மூட்டுவாதம் கண்டு கை விரல்கள் மடங்க மறுத்த நாள் முதல், இரவு உணவு நம் பொறுப்பாயிற்று. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே உண்டு. ஈஸ்ட் இட்ட மாவு பொங்கி எழ அந்நேரம் போதாது. எனவே சோடா ரொட்டியைத் தேர்ந்தோம்.

கோதுமை மாவு 450 கிராம். உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி. புளித்த மோர் 350 மில்லி அளவு. மோரின் புளிப்பு சோடாவைத் தொட்டதுமே கரிவளி பிறந்து மாவை உப்பச் செய்கிறது. ஆகவே பிசைந்து கொண்டே இருத்தல் ஆகாது. ஒன்று சேர்த்ததும் உருட்டி, மேலே ஆழமாகக் கீறி, நெருப்புக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் வளி வெளியேறி ரொட்டி கல்லாகிவிடும். சோடா கூடினால் சவர்க்கார வாடை வரும். கம்பு மாவில் கோதுமையின் இழுவைப் பசை இல்லை. ஒரு கைப்பிடிக்கு மேல் கலத்தல் வேண்டா.

சூட்டடுப்பு இல்லையே என்று கவலற்க. பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்த சமூகம் அல்லவா நாம்! கனத்த இரும்புச் சட்டியை முன்னதாகவே சூடேற்றி, உள்ளே ரொட்டியை வைத்து மூடி, மூடிமேல் சிரட்டைக் கங்குகளைப் பரப்பினால், முக்கால் மணியில் வெந்துவிடும். எடுத்து அடியில் விரலால் தட்டுக. வெற்றுக் குடம் போல் ஒலித்தால் பக்குவம்.

இச்சிறு வேலைக்கு எழுந்த வியப்புத்தான் பெரிது. "அசரத், நீங்கள் போய் மாவு பிசையலாமா?" என்றார் பழைய மாணாக்கர் ஒருவர். நம் இல்லத்தாருக்கோ வலியைவிட வெட்கமே மிகுதி. ஓதிக் கொடுக்கும் மனிதரை அடுப்படியில் நிறுத்திவிட்டாள் என ஊர் பேசுமே என்று வருந்தினார். இக்கட்டுரையையும் அவருக்குப் படித்துக் காட்டி, இசைவு பெற்றே அனுப்புகிறோம்.

அவ்வெட்கம் எங்கிருந்து வந்தது? மார்க்கத்திலிருந்து வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவியபோது, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையிறுத்ததைப் புகாரி பதிந்துள்ளது. அதே நூலில், சலிக்காத வாற்கோதுமையை அரைத்து, உமியை ஊதிவிட்டு, எஞ்சியதை நனைத்து உண்ட அக்கால வாழ்வையும் சஹ்ல் (ரலி) அவர்கள் கூறக் காண்கிறோம். ரொட்டி அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. அதற்கான உழைப்பை இழிவாகக் கருதவும் இல்லை.

மணமாகப் போகும் நம் இளைஞர்கள் நிக்காஹ் குத்பாவைச் செவிமடுக்குமுன் ஒரு ரொட்டியேனும் சுடப் பழகட்டும். நோயுற்ற நாளில் மனைவி படுக்கையில் கிடந்து, "இவர் என்ன உண்பாரோ" என ஏங்காதிருக்க அது போதும். இன்று நம் இல்லத்தார் சூடு தணியுமுன் ரொட்டியை அறுக்க விடுவதில்லை. உப்பு கூடிற்று, குறைந்தது என்று தீர்ப்பும் வழங்குகிறார். அடுப்படியின் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. உழைப்பு மட்டும் கை மாறியிருக்கிறது. வல்ல இறைவன் நம் இல்லங்கள் அனைத்திலும் அன்பையும் ஆரோக்கியத்தையும் நிலைபெறச் செய்வானாக!