மூடுவதற்கு முன்

கவுகாத்தியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மாற்றலாகி அந்நகருக்குச் சென்ற முதல் ஆண்டிலேயே என் ஸ்கூட்டரின் பின்விளக்கு மழை நாள்களில் அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது. இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். விளக்கிற்குச் செல்லும் கம்பியின் இணைப்பில் சுற்றியிருந்த பழைய இன்சுலேஷன் டேப் பிசுபிசுத்துத் தளர்ந்திருந்தது. புதிய டேப் ஒன்றை வாங்கி, பழையதன் மேலேயே இறுகச் சுற்றினேன். விளக்கு எரிந்தது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழிந்தது. கனமழை பெய்த மாலைப் பொழுதொன்றில் மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு வீடு திரும்பினேன். பள்ளம் ஒன்றைக் கண்டு வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரியின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. ஒரு முழ இடைவெளியில் அது நின்றது.

"உங்கள் வண்டியில் விளக்கே எரியவில்லையே!" என்று ஓட்டுநர் இந்தியில் கூவினார். அவர் குரலில் சினத்தைவிட நடுக்கமே மிகுந்திருந்தது. என் இடுப்பைப் பற்றிய கையை மகன் வீடு சேரும்வரை தளர்த்தவில்லை.

மறுநாள் பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் என்னைப் 'பைதேவ்' என்று அழைத்தார். அசாமிய மொழியில் அச்சொல் அக்காவையும் குறிக்கும், ஆசிரியையையும் குறிக்கும். அவர் டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறி இற்றுப்போயிருந்தது.

"ஈரத்தை உள்ளே வைத்துச் சுற்றிவிட்டீர்களே, பைதேவ்" என்றார். நான் தலை குனிந்தேன்.

அவர் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். களிம்பேறிய பகுதியை வெட்டி நீக்கினார். பளபளக்கும் செம்பு தெரிந்த பின்னரே கம்பிகளை முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சூடு ஆறியதும் சிறு டப்பா ஒன்றைத் திறந்தார். நகப்பூச்சுக் குப்பியில் இருப்பதுபோல அதன் மூடியிலேயே ஒரு தூரிகை இருந்தது. "லிக்விட் டேப்" என்றார். அந்தக் கருங்குழம்பை இணைப்பின் மீதும், இருபுறமும் உள்ள உறையின் மீது சிறிது தூரமும் மெல்லியதாகப் பூசினார். பத்து நிமிடம் காத்திருந்து இரண்டாம் பூச்சு. மீண்டும் காத்திருந்து மூன்றாம் பூச்சு. கரைப்பான் ஆவியாகப் பறந்துவிட, எஞ்சியது ரப்பர் தோல்போலக் கம்பியைக் கவ்விக்கொண்டது. நீர் நுழைய மடிப்போ இடுக்கோ அதில் இல்லை.

"ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் என்ன?" என்று கேட்டேன்.

"மேலே காய்ந்துவிடும், உள்ளே காயாது" என்றார். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுத்திருந்த அடுப்பையும் அணைத்திருந்தார்.

"வீட்டில் துளையிடும் கருவியின் வயரில் வெட்டு விழுந்திருக்கிறது. அதற்கும் இதைப் பூசலாமா?"

"கூடாது பைதேவ். அது 230 வோல்ட். வயரையே மாற்றிவிடுங்கள்."

ஆண்டுகள் சில ஆகிவிட்டன. இன்றும் மழைக்காலம் தொடங்கும் முன் இருக்கையைத் தூக்கி அந்த இணைப்பைத் தடவிப் பார்க்கிறேன். பிறகு பிரேக்கை அழுத்துகிறேன். வண்டியின் பின்னால் நிற்கும் மகன், "எரிகிறது அம்மா!" என்று குரல் கொடுத்த பின்னரே சாவியை எடுக்கிறேன்.

பயிற்சி

1. ஆசிரியை முதலில் செய்த பிழை யாது?
2. மெல்லிய பூச்சுகளாகப் பூசுவது ஏன்?
3. 'லிக்விட் டேப்' என்பதற்குப் பொருத்தமான தமிழ்ப் பெயர் ஒன்றை உருவாக்குக.