கடல் கடந்த மடல்: ஓரத்தில் நிற்கிறவனுக்கு என்ன விலை?

பிட்ஸ்பர்க்

அன்புள்ள ஊட்டிக் காந்தல்காரர்களுக்கு,

என் அண்ணன் மகன் கல்லூரிக் கபடி அணியில் இடது கார்னர். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவை அனுப்பி, "சித்தப்பா, ஹெல்மெட் போட்ட இந்த ஆளுங்க ஓரத்துலருந்து ஓடி வந்து ஒருத்தரை அமுக்குறாங்களே, இவங்களுக்கு அங்க என்ன மரியாதை?" என்று கேட்டிருந்தான். பதில் நீண்டுவிட்டது. உங்கள் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

மரியாதையை முதலில் பணத்தில் சொல்லிவிடலாம். 2025 ஜூலையில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸ் டி.ஜே. வாட்டின் ஒப்பந்தத்தை மூன்றாண்டுகளுக்கு நீட்டித்தது. சராசரியாக ஆண்டுக்கு 4 கோடியே 10 லட்சம் டாலர். அடுத்த மாதமே கிரீன் பே அணி மைக்கா பார்சன்ஸுக்கு ஆண்டுக்கு 4 கோடியே 70 லட்சம் கொடுத்து அதைத் தாண்டியது. இருவரும் பந்தை எறிகிறவர்களும் இல்லை, வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் இல்லை. எறிகிறவனை எறிய விடாமல் செய்வதுதான் அவர்கள் பிழைப்பு. ஆட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் தயிர்சாதம் வாங்க நிற்கிற மாமாக்களே, "வாட் இன்னிக்கு எத்தனை?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்கக் கால்பந்தில் அணிக்கு 11 பேர். நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுக்க, அது குவார்ட்டர்பேக் கைக்குப் போகிறது. இரண்டரை நொடி, மிஞ்சினால் மூன்று நொடி. அதற்குள் அவர் யாருக்காவது எறிந்தாக வேண்டும். அவருக்கு முன்னால் ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள். மதிலின் இரண்டு முனையிலும் இருப்பவர்கள் 140 கிலோ பக்கம் இருப்பார்கள். அவர்களுக்கும் வெளியே, எதிரணியின் ஓரத்தில் நிற்கிறவன்தான் 'எட்ஜ்'. அந்த 140 கிலோவைச் சுற்றியோ முட்டியோ உள்ளே போய், பந்து கையை விட்டுப் போகுமுன் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தால் அது ஒரு 'சாக்'.

பயிற்சியாளர்கள் இவனிடம் முதலில் பார்ப்பது முதல் அடியை. இளம் வீரர்களைச் சோதிக்கும் முகாமில் எல்லோரையும் 40 கெஜம் ஓட விடுகிறார்கள். ஆனால் ஓரத்து ஆளைப் பொறுத்தவரை அவர்கள் கண் முதல் 10 கெஜத்தில்தான் இருக்கும். அடுத்தது சாய்வு. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: வேகத்தைக் குறைக்காமல் வளைய வேண்டுமென்றால் உடம்பு தரைப்பக்கம் சாய வேண்டும், சக்கரம் வழுக்கக் கூடாது. 115 கிலோ மனிதன், ஒரு பக்கம் ஒருவன் தள்ளிக்கொண்டே இருக்க, அப்படிச் சாய்ந்து திரும்புகிறான். பிறகு கை. கை நீளமாக இருந்தால் எதிராளி தன் மார்பைத் தொடுவதற்குள் இவன் அவன் மார்பில் கை வைத்துவிடலாம். இதில் உயரத்தை மட்டும் நம்பி ஏமாந்த அணிகளும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதெல்லாம் வீடியோவில் தெரியும். தெரியாத பாதிதான் எனக்குப் பிடித்தது.

எதிரணி பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு ஓட முடிவு செய்தால், ஓரத்து ஆளின் வேலை தலைகீழாகிவிடும். அவன் பாயக் கூடாது. வெளிப்பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் நின்று, ஓடி வருகிறவனை உள்பக்கம், தன் கூட்டாளிகள் இருக்கிற பக்கம், திருப்பிவிட வேண்டும். பிடித்தது வேறொருவன், பெயரும் அவனுக்கே. எறிய நினைத்த குவார்ட்டர்பேக்கே ஓடத் தொடங்கினாலும் இதே கதை. பால்டிமோரின் லமார் ஜாக்சன் 2019 பருவத்தில் 1,206 கெஜம் தன் காலால் ஓடியே எடுத்தார். குவார்ட்டர்பேக் யாரும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அவரிடம் சாக் ஆசையில் ஒரு முழம் அதிகம் பாய்ந்தால் போதும், விட்டுப்போன சந்தில் அவர் போய்விடுவார். பால்டிமோரோடு ஆடும் வாரத்தில் வேகத்தைவிடப் பொறுமைதான் பெரிய தகுதி. ஆனால் பொறுமைக்குப் புள்ளிவிவரம் கிடையாது. சாக்கே 1982இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது. 'சாக்' என்ற சொல்லைப் பரப்பிய ஓரத்து ஆட்டக்காரர் டீக்கன் ஜோன்ஸ் 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் வீழ்த்தியது ஒன்றுகூட அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை.

இப்போது நம் கார்னருக்கு வருவோம். ஏழு பேரில் இரண்டு முனையிலும் நிற்கிறவர்கள். ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை நீட்டும்போது இன்னொரு கால் அந்தரத்தில் இருந்தாக வேண்டும். கார்னர் கணுக்காலுக்குப் போகிற நொடி அதுதான். அரை நொடி முன்னால் போனால் அதற்குப் பெயர் அட்வான்ஸ் டேக்கிள். ரெய்டர் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்புவான். புரோ கபடியில் 500 டேக்கிள் புள்ளிகளை முதலில் தாண்டியவர் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, இடது கார்னர். அதே நாட்டு, அதே இடத்து முகமதுரேசா ஷாட்லூவை 2023 ஏலத்தில் புனேரி பால்டன் 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது, கோப்பை வந்தது. அடுத்த பருவம் ஹரியானா ஸ்டீலர்ஸ் எடுத்தது. அங்கேயும் கோப்பை வந்தது. நம் பக்கத்து ஆள் வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன். 2016இல் அவர் தலைமையில் பாட்னா பைரேட்ஸ் பட்டம் வென்றது. அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. முதல் அடியின் வேகம் குறைந்த பிறகும் கார்னர் ஆட முடியும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் 'கில்லி' முதல் 'பைசன்' வரை நம் சினிமாக் கபடியில் நாயகன் ரெய்டர்தான். கால் பிடிக்கிறவன் நாயகனுக்கு நண்பனாக வருவான், அல்லது வில்லன் அணியில் நிற்பான்.

உயரத்தைப் பற்றிச் சொன்னேனே. எங்கள் ஊர் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் ஆறடி; இந்த இடத்துக்கு அது குள்ளம். 2002இல் இளம் வீரர்களுக்கான தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. உள்ளே வந்த பிறகும் பலமுறை வெளியே அனுப்பினார்கள். 2008இல் லீகின் சிறந்த தடுப்பாளர் விருது அவருக்குத்தான். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி 2009 பிப்ரவரி 1 அன்று நடந்தது. முதல் பாதி முடியச் சில நொடிகள். எதிரணியான அரிசோனா புள்ளி எடுக்கும் கோட்டுக்கு மிக அருகில். ஹாரிசனுக்கு இட்ட கட்டளை, பாய்ந்து போ என்பது. அவர் பாய்வதுபோல் ஓரடி வைத்து, நின்று, பின்வாங்கினார். குவார்ட்டர்பேக் எறிந்த பந்து நேராக அவர் கைக்கு வந்தது. மைதானத்தின் முழு நீளம், 100 கெஜம், ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார். ஆட்டம் 27-23 என்று முடிந்தது. அந்த ஓட்டம் இல்லாவிட்டால் கோப்பை இல்லை.

பந்து அங்கே வராமல் போயிருந்தால் சொல் பேச்சு கேட்காதவன் என்று பெயர் வாங்கியிருப்பார். இங்கே பயிற்சியாளர்கள் பேட்டிகளில் கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் எப்போது பாயக் கூடாது என்று தானே கண்டுகொள்கிற ஆளுக்குத்தான் கோடிகளைக் கொடுக்கிறார்கள் என்பது என் கட்சி. வேகத்தை முகாமில் அளந்துவிடலாம். இதை அளக்க ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

கபடியில் இந்தப் பொறுமைக்கு விதியிலேயே பலன் இருக்கிறது. ஒரு அணி இரண்டு ரெய்டில் வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். ஆனால் அந்த முதல் இரண்டு வெறும் ரெய்டுகளில் யார் பொறுமையாக நின்று ரெய்டரைத் திருப்பி அனுப்பினான் என்று எந்த ஸ்கோர் ஷீட்டிலும் இல்லை.

ஆகவே, நம்மூரில் போட்டி நடத்துகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். காந்தல் முக்கோணத்தில் நடந்தாலும் சரி, எச்.ஏ.டி.பி. மைதானத்தில் நடந்தாலும் சரி, அடுத்த போட்டியின் ஸ்கோர் ஷீட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ரெய்டர் எந்தப் பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பினான், அந்தப் பக்கம் கார்னரில் நின்றது யார் என்று மட்டும் குறித்தால் போதும். கடைசியில் அதில் யார் பெயர் அதிகம் வருகிறதோ அந்தப் பையனுக்கு ஒரு ஷீல்டு கொடுங்கள். ஷீல்டுக்கு ஆகிற செலவை நான் அனுப்பிவிடுகிறேன். என் அண்ணன் மகன் ஆடுகிற போட்டியாக இருந்தால் கட்டத்தை வேறு யாராவது நிரப்பட்டும்.