நிழல் மறைந்த நண்பகல்

இளவேனில் என்றவுடன் கவிஞர்களுக்குக் குயிலின் நினைவு வரும். தாய்மார்களுக்குக் கோடை விடுமுறையின் நினைவு வரும். "இந்தக் குழந்தைகளை வைத்துக் கொண்டு எப்படிப் பொழுதைத் தள்ளுவது?" என்று அவர்கள் பெருமூச்செறிவதை ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன். அவர்களுக்கு ஒரு யோசனை சொல்லவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த யோசனை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லி விடுவதுதான் நியாயம். என் கெட்டிக்காரத்தனத்தால் அது கிடைக்கவில்லை. என் அறியாமையால் கிடைத்தது.

இருபது வருஷங்களுக்கு முன், மதுரையில் ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞான பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். தை மாதம். "நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது, அப்போது நிழல் காலடியில் ஒடுங்கி மறைந்து விடும்" என்று கரும்பலகையில் எழுதினேன். பட்டம் பெற்ற உபாத்தியாயர் எழுதியதைக் குழந்தைகள் மறுபேச்சின்றி எழுதிக் கொண்டார்கள். கடைசி பெஞ்சியில் ஒரு பையன் மட்டும் எழுந்து நின்றான்.

"ஸார், நம் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்கு மத்தியானமும் நிழல் விழுகிறதே, ஸார்!"

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சுருக்கென்றது. "அதிகப் பிரசங்கித்தனம் வேண்டாம், உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். அன்று முழுவதும் அவன் தலை நிமிரவில்லை.

மறுநாள் மத்தியான இடைவேளையில், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்டு, கொடிக்கம்பத்தருகே போனேன். நிழல் வடக்கே நீண்டு சாவதானமாகப் படுத்திருந்தது. கம்பத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும்! அந்தக் கம்பத்தை எத்தனை நூறு தடவை கடந்து போயிருப்பேன்? ஒரு தடவையாவது பார்த்தேனா? பதினொரு வயதுக் குழந்தை பார்த்திருக்கிறது. பார்த்ததைச் சொன்னதற்கு நான் கொடுத்த பரிசு, "உட்கார்!"

அடுத்த வகுப்பில், "நான் சொன்னது தப்பு, இவன் சொன்னதே சரி" என்று ஒப்புக் கொண்டேன். என் மரியாதை போய் விடும் என்று உள்ளூர நடுங்கினேன். அப்படி ஒன்றும் நேரவில்லை. ஒரு சிறுமி எழுந்து, "அப்படியானால் நிழல் எப்போதுதான் மறையும், ஸார்?" என்று கேட்டாள்.

"அளந்து பார்ப்போம்" என்றேன்.

ஒரு தொட்டியில் மணலை நிரப்பி, தரைக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும்படி ஒரு கோலை நட்டோம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கோல் சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துக் கொண்டோம். தையில் 60 சென்டிமீட்டர் இருந்த நண்பகல் நிழல், மாசி நடுவில் 32 ஆயிற்று. இரவும் பகலும் சமமாகும் மார்ச்சு 20-ஆம் தேதி வாக்கில் 17 ஆயிற்று. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால், சூரியன் நாளுக்கு நாள் வடக்கே நகர்வது போல் தோன்றுகிறது என்பதைக் குழந்தைகள் சாக்குக்கட்டிக் கோடுகளிலேயே கண்டு கொண்டார்கள். ஏப்ரல் 16-ஆம் தேதி, நண்பகல் 12 மணி 17 நிமிஷ வாக்கில், நிழல் கோலின் அடியில் புகுந்து மறைந்தது. குழந்தைகள் போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியர் ஓடி வந்து விட்டார்!

கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது ஏன் மறையவில்லை? நம் தேசத்துக் கடிகாரங்கள் யாவும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு ஓடுகின்றன. மதுரை அதற்கு மேற்கே இருப்பதால், சூரியன் இங்கே சற்றுத் தாமதித்து வருகிறான்.

அந்தப் பையனுடைய அக்காள் சென்னையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதே நண்பகலில் அவளும் மொட்டை மாடியில் ஒரு மீட்டர்க் கோலை நிறுத்தி அளந்து, தொலைபேசியில் சொன்னாள்: வடக்கே ஏறக்குறைய 5.5 சென்டிமீட்டர் நிழல்! கோணமாக்கினால் 3 டிகிரிக்குச் சற்று மேல். தென்வடலாக இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். முழு வட்டத்துக்குக் கணக்குப் போட்டோம். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வந்தது. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் கையாண்ட வழி இதுவே. எங்களுக்கு ஆன செலவு ஒரு கோலும் ஒரு தொலைபேசி அழைப்பும்.

பெற்றோர்களே! விஞ்ஞானக் கண்காட்சிக்காகக் கடையில் விலைக்கு வாங்கும் தெர்மோகோல் பொம்மைகளைச் சற்று ஒதுக்கி வையுங்கள். நிழலில்லா நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 வாக்கிலும், சென்னையில் 24 வாக்கிலும் வருகிறது. குழந்தைகள் நிழலைப் பார்க்கட்டும். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க விடாதீர்கள். பங்குனியில் வேம்பு செந்தளிர் விடும்போது ஒரு கிளையில் நூலைக் கட்டி, ஓர் இலையை நாள்தோறும் அளந்து, அது பச்சையாகும் நாளையும் பூ விடும் நாளையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். புது மண்பானையிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் ஒரே தண்ணீரை ஊற்றி நிழலில் வைத்து, மாலையில் இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக் கொண்டு போகிறது. ஆனால் காரணத்தை அவசரப்பட்டு நீங்கள் சொல்லி விட வேண்டாம். குழந்தை கேட்கும் வரையில் பொறுத்திருங்கள்.

அந்தப் பையன் பெரிய விஞ்ஞானியாகி விட்டான் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். அவன் மதுரையிலேயே மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கிறான். சென்ற சித்திரையில், ஐந்து வயது மகளை அழைத்துக் கொண்டு, நிழலில்லா நாளன்று என் வீட்டு மாடிக்கு வந்தான். கோலை நட்டோம். மணி பன்னிரண்டு அடித்தது.

"தாத்தா, இன்னும் கொஞ்சம் நிழல் மேற்கே இருக்கிறதே!" என்றது குழந்தை.

இருபது வருஷப் பழக்கம் விடுமா? தீர்க்கரேகையை விளக்க வாயைத் திறந்தேன். அவன் மெல்ல என் கையைப் பிடித்துக் கொண்டான்.

"சொல்லாதீர்கள், ஸார். அவளே பார்க்கட்டும்."