எங்கிருந்து அளப்பது?

ஆட்டோக்காரரிடம், 'நேராப் போய் மூணாவது லெஃப்ட்' என்கிறீர்கள். 'சரிங்க, எங்கே இருந்து?' என்று அவர் கேட்டால் நியாயம்தானே? கம்ப்யூட்டர் வைத்த மில்லிங் மெஷினும் அதைத்தான் கேட்கிறது. 'விளிம்பிலிருந்து 40 மி.மீ. தள்ளி ஒரு துளை' என்கிறது டிராயிங். மெஷின் அச்சு அசலாகப் போடும். ஆனால் விளிம்பு எங்கே? வைஸில் இறுக்கிய ஜாப் அதன் கண்ணுக்கு இல்லவே இல்லை. ஓர் ஆள் தொட்டுக் காட்டவேண்டும். இதுதான் ஜீரோ எடுப்பது.

தொடுவதற்கு எட்ஜ் ஃபைண்டர் என்று ஒரு சின்ன சமாசாரம். விரல் நீள உருளை. அடியில் ஸ்பிரிங்கில் கோத்த, 10 மி.மீ. விட்டமுள்ள முனை. ஸ்பிண்டிலில் மாட்டிச் சுழலவிட்டால் முனை குடிகாரன் மாதிரி தள்ளாடும். மெதுவாக நகர்த்தி ஜாபின் பக்கத்தில் உரசவிடுங்கள். தள்ளாட்டம் குறையும், குறையும்... நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு நேராகச் சுழலும். இன்னும் ஒரு துளி நகர்த்தினால் சட்டென்று பக்கவாட்டில் எகிறும். அந்த எகிறல்தான் சேதி.

இதில் ஒரு சூட்சுமம். விளிம்பைத் தொடுவது முனையின் ஓரம். ஸ்பிண்டிலின் மையமோ 5 மி.மீ. வெளியே நிற்கிறது. இடது விளிம்பு என்றால், 'நீ மைனஸ் 5-ல் நிற்கிறாய்' என்று மெஷினுக்குச் சொல்லவேண்டும். பிளஸ் போட்டுவிட்டால் பிழை 5 அல்ல, 10. மெஷின் கோபித்துக்கொள்ளாது. எல்லாத் துளைகளையும் அச்சு அசலாகத் தப்பான இடத்தில் போட்டுத் தரும்.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) அப்படித்தான் ஆயிற்று. பம்ப் வார்ப்பு. ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன். டெலிவரி வண்டி வாசலில். 'இன்னும் என்றா அதயே தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருக்கற?' என்று பின்னாலிருந்து குரல். குறி மாறிப்போனது. வார்ப்பு பழைய இரும்புக்குப் போக, விலையைப் பையன் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார்கள். குரல் கொடுத்தவருக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. கட்டரை ஜாபுக்கு மேலே உயர்த்தி, வெறுமனே ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் 10 மி.மீ. விலகல் கண்ணுக்கே தெரிந்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்தைக் கொடுக்காதவர்தான் வார்ப்புக்குக் காசு கொடுத்திருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அதே பட்டறையில் ஒரு பெரியவர். எட்ஜ் ஃபைண்டரை எடுக்கும் முன் விளிம்பில் நகத்தை ஓட்டுவார். தட்டினால் பிசிறு இருக்கிறது; அரத்தால் ஓர் இழுப்பு. 'செருப்போட நின்னு உயரம் அளந்தா ஆகுமா கண்ணு?' என்பார். மேல்பக்க ஜீரோவுக்கு ஒரு காகிதத் துண்டு போதும் அவருக்கு. சுழலாமல் நிற்கும் கட்டரை இறக்கிக்கொண்டே காகிதத்தை இழுப்பார். லேசாகப் பிடித்ததும் நிறுத்தி, காகிதத்தின் கனம் 0.1 மி.மீ.யையும் கணக்கில் சேர்ப்பார்.

இப்போது தொட்டு அளக்கும் புரோப் வந்துவிட்டது. இதன் மூதாதையை 1970-களின் தொடக்கத்தில், கான்கார்ட் விமான என்ஜினின் குழாய்களை அளப்பதற்காக ரோல்ஸ் ராய்ஸில் இருந்த டேவிட் மக்மர்ட்ரி உருவாக்கினார். முனையில் ஒரு சிவப்புக்கல் உருண்டை, பட்டதும் சிக்னல். பிளஸ், மைனஸ் தகராறை மெஷினே பார்த்துக்கொள்கிறது.

ஆனால் பிசிறு மேல் பட்டாலும் புரோப்புக்கு அது விளிம்புதான். பெரியவர் இன்றைக்கும் நகத்தை ஓட்டிவிட்டுத்தான் பட்டனை அமுக்குகிறார்.