மன்ஹாட்டனில் ஆவி விரட்டுறேன்!

ஹீட்டர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாத்ரூம் சுவத்துல தொங்குற கீஸர், இல்லேன்னா ஹாஸ்டல்ல வார்டனுக்குத் தெரியாம பக்கெட்டுக்குள்ள முக்குற காயில். அவ்ளோதானே? மார்கழி விடியக்காலைல ரெண்டு மணி நேரம் அடிக்கிற குளிருக்கே மங்கி குல்லா போட்டு அலம்பல் பண்ற ஊர் நம்ம ஊர்!

அப்படிப்பட்ட சென்னைல உட்கார்ந்துக்கிட்டு, நியூயார்க்ல இருக்குற ஒரு ஆபீஸ் கட்டடத்தைக் குளிர்காலத்துல எப்படிச் சூடா வெச்சிருக்கலாம்னு கணக்குப் போடுறதுதான் இப்போ என் வேலை. நம்புங்க பாஸ்! மெக்கானிக்கல் மூணாவது வருஷம் முடிச்சுட்டு ரெண்டு மாச இன்டர்ன்ஷிப். அமெரிக்கக் கட்டடங்களுக்கு டிராயிங், எனர்ஜி மாடல் எல்லாம் போட்டுத் தர்ற கம்பெனிகள் இங்கே நிறைய உண்டு. அதுல ஒண்ணுல, ஏ.சி. காத்து நேரா மண்டையில அடிக்கிற ஸீட் எனக்கு.

ஹாலிவுட் படங்கள்ல பார்த்திருப்பீங்க. நியூயார்க் நடுரோட்டுல ஆரஞ்சு - வெள்ளைப் பட்டை போட்ட ஒரு குழாய் நிக்கும், அதுல இருந்து குபுகுபுன்னு வெள்ளையா வரும். நானும் ரொம்ப நாள் அதை ஏதோ செட்டுன்னு நினைச்சிருந்தேன். நிஜமாவே மன்ஹாட்டன் ரோட்டுக்கு அடியில 100 மைலுக்கு மேல நீராவிக் குழாய் ஓடுது. தீவோட தெற்கு முனையில இருந்து 96-வது தெரு வரைக்கும் சுமார் 1,500 கட்டடங்களுக்கு கான் எடிசன் கம்பெனி அதுல ஆவி சப்ளை பண்ணுது. எம்பயர் ஸ்டேட் பில்டிங்கும் அதுல ஒரு கஸ்டமர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி பாய்லர் வேண்டாம். நம்ம தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லைன் மாதிரி, அவங்க தெருவுக்கு ஆவி லைன்! சப்ளை தொடங்கினது 1882-ல். எடிசன் அதே ஊர்ல பேர்ல் ஸ்ட்ரீட் மின் நிலையத்தைத் தொடங்கினதும் அதே வருஷம்தான். ஆக, கரென்ட்டும் ஆவியும் அங்கே ஒரே செட்டு. இப்போ ஒண்ணு இன்னொண்ணைத் துரத்துது.

துரத்தச் சொல்றது ஒரு சட்டம். 2019-ல் நியூயார்க் நகரம் போட்ட 'லோக்கல் லா 97'. 25,000 சதுர அடியைத் தாண்டின பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024-ல் இருந்து கார்பன் வரம்பு. தாண்டினா ஒவ்வொரு டன்னுக்கும் வருஷத்துக்கு 268 டாலர் அபராதம். 2030-ல் வரம்பு இன்னும் இறுகும். அதனால, 'ஆவியைக் கட் பண்ணிட்டு கரென்ட்டுக்கு மாறலாமா?'னு ஓனர்கள் விசாரிக்க ஆரம்பிச்சிருக்காங்க. ("ஆவியை விரட்டுற வேலையா? எலுமிச்சம்பழம் வாங்கிட்டியா?"னு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல என்னை ஓட்டுறது தனி டிராக்!)

எங்களுக்கு வந்த கட்டடத்துக்கு, ஜன்னலோரம் ஆவி ரேடியேட்டர் இருக்குற இடமெல்லாம் எலெக்ட்ரிக் ஹீட்டர் மாட்டிடலாம்னு ஒரு யோசனை ஏற்கெனவே இருந்துச்சு. இருக்குறதுலேயே சுலபம். மாட்டுற செலவும் கம்மி. 'கரென்ட்டுன்னா சுத்தம்தானே?'ன்னு நீங்க கேட்கலாம். இங்கேதான் பாஸ் ட்விஸ்ட்!

சட்டம் வெச்சிருக்குற கணக்கையே எடுத்துக்குவோம். 1 யூனிட் அளவு வெப்பத்தை ஆவியா வாங்கினா சுமார் 153 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. அதே 1 யூனிட்டை கரென்ட்டா வாங்கினா, 2029 வரைக்கும் 289 கிராம்! கிட்டத்தட்ட டபுள். ஏன்னா அந்த கரென்ட்டே பெரும்பாலும் எரிவாயு எரிச்சுதான் வருது. பக்கத்துல இருந்த இண்டியன் பாயின்ட் அணு மின் நிலையத்தை 2021-ல் மூடிட்டாங்க. ஸோ, ஆவியைத் தூக்கிட்டு காயில் ஹீட்டர் வெச்சா, புகை நம்ம கண்ணுல படாது, அவ்ளோதான். 2030-ல் சட்டம் அந்த 289-ஐ 145 ஆக்குது. கிரிட் அதுக்குள்ள சுத்தமாயிடும்கிற நம்பிக்கை.

ஆனா ஹீட் பம்ப் வெச்சா கதை வேற. உங்க வீட்டு ஏ.சி.யோட அவுட்டோர் யூனிட் முன்னாடி கையை நீட்டிப் பாருங்க, அனல் அடிக்கும். ரூம்ல இருந்து அள்ளின சூடு அது. அதே மெஷினைத் திருப்பிப் போட்டா, வெளில இருக்குற சூட்டை அள்ளி உள்ளே கொட்டும். 1 யூனிட் கரென்ட்டுக்கு 3 யூனிட் சூடு கிடைச்சா, 289 கிராம் 96 ஆயிடுது. கடுங்குளிர்ல அந்த 3 குறையும். 1.9-க்குக் கீழே இறங்கினா இன்னிக்குக் கணக்குல ஆவிதான் ஜெயிக்கும். அது மட்டுமில்ல, ஆவி 100 டிகிரிக்கு மேல வரும். சாதாரண ஹீட் பம்ப் தர்ற சுடுதண்ணி 50 டிகிரி சுமாருக்குத்தான். பழைய ரேடியேட்டருக்கு அது பத்தாது. ஜன்னலையும் சேர்த்து மாத்தணும். ஓனர் முகம் சுருங்குற இடம் இது!

எனக்குத் தூக்கமே போன விஷயம் இன்னொண்ணு. பெரிய ஆபீஸ் கட்டடத்துல நடுப்பகுதி ஜனவரிலகூட சூடாத்தான் இருக்கும். ஆளுங்க, லைட்டு, கம்ப்யூட்டர், சர்வர் எல்லாம் கக்குற சூடு அங்கே சிக்கிக்கும். அதனால நடுவுல கூலிங் ஓடுது. அந்தச் சூட்டை மொட்டை மாடி கூலிங் டவர் வழியா வானத்துல கொட்டுறாங்க. அதே நிமிஷம், அதே மாடில, ஜன்னலோரம் குளிருதுன்னு காசு கொடுத்து ஆவி வாங்குறாங்க! மாடல்ல ரெண்டு கோடும் ஒண்ணா ஏறுறதைப் பார்த்து, 'இது சரியா?'னு டீம் லீட் அண்ணாகிட்ட கேட்டேன். "சரிதான். பாதி மன்ஹாட்டன் இப்படித்தான் ஓடுது"ன்னு சிரிச்சார். நடுவுல இருக்குறதை அள்ளி ஓரத்துல போட ஒரு ஹீட் பம்ப். என் ஓட்டு அதுக்குத்தான்.

இதையெல்லாம் நான் ஞாயித்துக்கிழமை போன்ல விளக்குறது எங்கப்பாவுக்கு. ஆரணில ஒரு ரைஸ் மில்லுல 22 வருஷமா பாய்லர் ஆபரேட்டர். உமியை எரிச்சு ஆவி எடுத்து, புழுங்கலுக்கும் டிரையருக்கும் அனுப்புற வேலை. ஸ்டீம் டேபிளை நான் எக்ஸாம் ஹாலுக்குத்தான் தூக்கிட்டுப் போயிருக்கேன். அவர் பிரஷர் கேஜ் சத்தத்துலேயே வாழ்றவர்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "குளிர்ந்த தண்ணி திரும்ப வருதா?"

இல்ல. மன்ஹாட்டன்ல ஆவி ஒருவழிப் பாதை. சூட்டைக் கொடுத்துட்டு தண்ணியானதும், பச்சைத் தண்ணி கலந்து ஆறவெச்சு சாக்கடைக்கு விடுறாங்க.

"அடப்பாவிங்களா! டிரையர் தண்ணியை நாங்க ஒரு சொட்டு விடாம ஃபீட் டேங்குக்குத் திருப்புறோமே!"

ரெண்டாவது கேள்வி, "குழாய் வெடிக்காதா?" வெடிச்சிருக்கு. 2007 ஜூலைல கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல, 1924-ல் பதிச்ச குழாய். ஒருத்தர் இறந்தாங்க. 2018-ல் ஃபிளாட்டயர்ன் பக்கத்துல இன்னொண்ணு, ஆஸ்பெஸ்டாஸ் துகள் தெரு பூரா பறந்துச்சு.

மூணாவது கேள்விதான் கஷ்டம். "எல்லாரும் விலகிட்டா, மிச்சம் இருக்குறவன் தலைலதானேம்மா அந்தக் குழாய்ச் செலவு முழுக்க விழும்? அதைப் பார்த்துக்குற ஆளுங்க?" கொஞ்சம் நிறுத்திட்டு, "நம்ம மில்லுக்கும் நாளைக்கு உன்ன மாதிரி ஒரு பொண்ணு லேப்டாப் தூக்கிட்டு வருமா?"

"உமி மில்லுலேயே கிடைக்குதேப்பா, இப்போதைக்கு யாரும் வர மாட்டாங்க"ன்னேன். அந்த 'இப்போதைக்கு'வை அவர் கவனிச்சார். பதில் பேசல.

திங்கக்கிழமை எங்க ஷீட்டைத் திறந்து பார்த்தேன். ஆவி விலை 20 வருஷத்துக்கும் ஒரே மாதிரிதான் ஏறுறதா போட்டிருந்துச்சு. கஸ்டமர்கள் விலக விலக விலை எகிறினா? ஆஸ்பத்திரிகள் மாதிரி, கருவி கழுவவும் ஆவியை நம்பி இருக்குறவங்க சட்டுனு விலக முடியாதே? அண்ணாகிட்ட சொன்னேன். நெத்தியைத் தேய்ச்சுட்டு, "அதைத் தனி கேஸா ஓட்டு. ரிப்போர்ட்ல ஒரு பக்கம் தரேன்"னார்.

ஓட்டி விட்டிருக்கேன். 43 சதவிகிதத்துல நிக்குது கம்ப்யூட்டர்.